வளையாத கோடு

கால் குளிர்கிறது என்றுதான் அங்கயற்கண்ணி முதலில் நினைத்தாள். பிறகு, குளிர்வது கால்தானா, இல்லை இந்த ஏசி அறையில் குளிராமல் இருக்காது என்று காலுக்குப் பதிலாக மனசு சொல்லிக்கொள்கிறதா என்ற சந்தேகம் வந்துவிட்டது. கருவி அறைக்குள் செருப்பு ஆகாது. தூசி உள்ளே வந்துவிடும் என்று வாசலிலேயே கழற்றி வைத்துவிட வேண்டும். துணைவேந்தரே வந்தாலும் வெறுங்கால்தான். இத்தனை வருடமாக இந்த மாதிரி அறைகளில் வெறுங்காலோடு நின்றவள் ஒருநாளும் தரையை நினைத்தவள் இல்லை. இந்த ஒரு வாரமாகத் தரையைத் தவிர வேறு நினைப்பில்லை. வலது கட்டைவிரலை மேசையின் இரும்புக் காலில் வைத்து அழுத்தினாள். தெரிந்தது. இடதை அழுத்தினாள். தெரிந்தது, ஆனால் வலது அளவுக்குத் தெரிந்ததா? மறுபடி வலது. மறுபடி இடது. ஆய்வகத்தின் மூத்த பேராசிரியை மேசைக்காலை மாறி மாறி உதைத்துக்கொண்டிருப்பதைக் கண்ணாடிக் கதவு வழியாக யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும், சாப்பாட்டு நேரம், தாழ்வாரத்தில் ஈ காக்கை இல்லை. இடது கொஞ்சம் மந்தமாகத்தான் இருந்தது. அல்லது, மந்தமாக இருக்கிறதா என்று இத்தனை தடவை கேட்டால் எந்தக் காலும் மந்தமாகத்தான் இருக்கும். அப்பாவும் இப்படி எங்காவது ஒரு மேசைக்காலை ரகசியமாக உதைத்துப் பார்த்திருப்பாரோ என்று தோன்றியது, உடனே அந்த நினைப்பைத் தள்ளிவிட்டுத் திரையைப் பார்த்தாள்.

திரையில் கோடு நேராகப் போய்க்கொண்டிருந்தது. கருவி ஒன்றும் பெரிய அதிசயம் செய்துவிடாது. விரல் அகலக் கண்ணாடிக் குப்பிக்குள் இருக்கிற புரதக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாக்கும், அதன் வழியே ஒளியை அனுப்பும், புரதம் இன்னும் மடிந்திருக்கிறதா குலைந்துவிட்டதா என்று ஒரு கோடு போட்டுக் காட்டும். குலைந்தால் கோடு சரியும். காலையில் ஒத்துப் பார்ப்பதற்காக முட்டை வெள்ளைக்கருப் புரதம் ஒன்றைப் போட்டபோது எழுபத்தைந்து டிகிரி வாக்கில் கோடு சொல்லிவைத்தாற்போல் சரிந்தது. இது அப்படி இல்லை. அறுபதைத் தாண்டி எழுபதும் தாண்டிவிட்டது, கோட்டில் ஒரு நெளிவு கிடையாது. இதைச் செய்தவள் ஆய்வு மாணவி ஜெரினா. பூமியில் உயிர் தோன்றிய காலத்தில் கிடைத்திருக்கக்கூடியது என்று கருதப்படுகிற பத்தே வகை அமினோ அமில மணிகளை மட்டும் வைத்து அவள் கோத்த குட்டிச் சரம் அது. சாப்பிடப் போகும்போது, கோடு கடைசிவரை வளையவில்லை என்றால் சாயங்காலம் ஆய்வகம் முழுக்க ஐஸ்கிரீம் தன் செலவு என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். பாவம், அவளுக்கு இது நாலு வருட உழைப்பு. கோடு வளைந்துவிட வேண்டும் என்று தன்னுடைய மேடம் உள்ளே நின்று வேண்டிக்கொண்டிருப்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

வளைந்துவிடு என்றுதான் அங்கயற்கண்ணி வேண்டிக்கொண்டிருந்தாள், தன் வாழ்நாள் யூகம் பொய்யாகப் போனாலும் போகட்டும் என்று. புரதம் என்றால் கோத்த சரம். சரமாகக் கிடக்கும்வரை அது எதற்கும் உதவாது. தன்மேல் தானே மடிந்து ஓர் உருவத்துக்கு வந்தால்தான் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும், சாப்பிட்டதைச் செரிக்கும், கண்ணில் விழுந்த வெளிச்சத்தைப் பிடிக்கும். இன்றைக்கு இருக்கிற புரதங்களுக்கு மடியத் தெரியும், காலங்காலமாகப் பழகிய பழக்கம். ஆனால் முதல் சரத்துக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? கண்டபடி கோத்தால் கோடியில் ஒன்றுகூட மடியாது. இந்த ஒரு கேள்வியைக் கட்டிக்கொண்டு அவள் காலத்தை ஓட்டிவிட்டாள், இதனால் நாட்டுக்கு என்னம்மா லாபம் என்று கேட்ட தேர்வுக்குழுவையெல்லாம் தாண்டி. அவள் யூகம் இதுதான்: முதல் சரங்கள் தனியாக மடியவே இல்லை. தனியாக நிற்கத் துப்பில்லாத குட்டிச் சரங்கள் ஒன்றின் பக்கத்தில் ஒன்று படுத்து ஒட்டிக்கொண்டு, அடுக்கடுக்காகப் படிந்து கெட்டிப்பட்டன. கொதிக்கும் குட்டையில் மற்றதெல்லாம் குலைந்தபோது அவை குலையவில்லை. அந்த அடுக்கின்மேல் தொற்றிக்கொண்டுதான் பிறகு வந்தவை மடியப் பழகியிருக்க வேண்டும். அந்த அடுக்குக்குப் பெயர் அமிலாய்டு. அந்தப் பெயரைக் கேட்டால் வைத்தியர்களுக்கு வேறொன்று ஞாபகம் வரும். நன்றாக மடிந்து உடம்புக்குள் வேலை பார்த்துக்கொண்டிருந்த புரதம், ஒருநாள் மடிப்புக் கலைந்து, அதே பழைய அடுக்காகப் போய் நரம்பிலும் இதயத்திலும் படியும். இதுவும் அவளுக்குத் தெரியும். எழுதிய கட்டுரை ஒவ்வொன்றின் தொடக்கத்திலும், இவ்வடிவம் சில பரம்பரை நோய்களிலும் காணப்படுகிறது என்று ஒரு வரி போட்டுவிட்டு, சாலையில் மைல்கல்லைத் தாண்டுகிற மாதிரித் தாண்டிப் போயிருக்கிறாள். அந்த வரிக்குள் அப்பா படுத்திருந்தார்.

அண்ணன் வேலாயுதம்தான் சொன்னார். போன வாரம் போன் செய்து, கால் மரத்துப் போகிறது என்று வேலூருக்குப் போனேன் கயலு, கெண்டைக்கால் பக்கத்திலிருந்து நரம்பை எள்ளுப்போலக் கிள்ளி எடுத்துச் சோதித்தார்கள், அதில் புரதம் படிந்திருக்கிறதாம், பரம்பரையாம், அப்பாவுக்கு இருந்திருக்கும் என்கிறார்கள் என்றார். கேட்டதும் அவள் என்ன செய்தாள்? பாடம் நடத்தினாள். நினைத்தால் உடம்பு கூசியது. சரம், மடிப்பு, அடுக்கு, நானூறு கோடி வருடம் என்று முதலாண்டு மாணவர்களுக்குச் சொல்கிற அதே வரிசையில், அதே இடங்களில் நிறுத்தி, அண்ணனுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். மிளகாய் மண்டி வைத்திருக்கிற மனிதர் அவர். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு, "அப்ப எனக்கு என்ன ஆகும் கயலு?" என்றார். அவள் வாய் அப்போதுதான் நின்றது. மருந்து வந்திருக்கிறது, முன்காலம் மாதிரி இல்லை, தள்ளிப்போடலாம் என்று ஏதேதோ சொன்னாள். அவர் தன்னைப்பற்றி அதற்குமேல் கேட்கவில்லை. நம் வீட்டில் யாருக்கு வேண்டுமானாலும் பாதிக்குப் பாதி இருக்கலாமாமே, மதிக்குச் சொல்ல வேண்டாமா, அவள் அங்கே டாக்டரிடம் கேட்க வேண்டாமா, நான் சொல்லவா நீ சொல்கிறாயா என்றார். நானே சொல்கிறேன் அண்ணே, பெற்றவள் சொல்வதுதான் முறை என்றாள். அந்த முறைதான் ஒரு வாரமாகத் தொண்டையில் நிற்கிறது.

மதிவதனி அவளுடைய ஒரே மகள், திருச்சியில் இருக்கிறாள். கல்யாணமாகி ஆறாவது வருடம், இரண்டு தடவை தங்காமல் போய், ஊசி போட்டுப் போட்டு வயிறெல்லாம் நீலம் பாரித்து, கடைசியில் சோதனைக் குழாயில் உருவான ஒரு கரு பிழைத்து ஐஸில் காத்திருக்கிறது. ஒன்றே ஒன்று. இன்றைக்கு மூன்று மணிக்கு அதை உள்ளே வைக்கப் போகிறார்கள். முன்பே சொல்லியிருந்தால் அந்தக் கருவில் நாலு செல்லைக் கிள்ளிச் சோதித்திருக்கலாம். இப்போதும் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை, ஒரு போன் போதும். நிறுத்து மதி, வைக்காதே, முதலில் உன் ரத்தத்தைப் பாரு என்று ஒரு வாக்கியம். அதைச் சொன்னால் கிடைக்கப்போவது என்ன? அந்த ஒன்றில் அது இருக்கிறது என்று வந்துவிட்டால் ஒன்றும் இல்லை. சோதிக்கும்போது அந்தக் கரு செத்துப்போனாலும் ஒன்றும் இல்லை. மறுபடி ஊசி, மறுபடி நீலம், மறுபடி மாமியார் வீட்டு வளைகாப்புகளுக்குப் போகாமல் தலைவலி என்று படுத்துக்கொள்வது. சொல்லாமல் விட்டால்? கணக்குப்படி தனக்குப் பாதி, மதிக்கு அதில் பாதி, அதற்கு அதிலும் பாதி. எட்டில் ஒன்று. எட்டில் ஏழு பங்கு நல்லதாகத்தான் இருக்கிறது, யாராவது இந்தத் துணிச்சலில் சாலையைக் குறுக்கே கடக்கமாட்டார்களா என்ன. இருந்தாலும்தான் என்ன, ஐம்பது வயதுவரை ஒன்றும் செய்யாது, அதற்குள் மருந்து வந்துவிடும். அப்பா ஐம்பத்திரண்டு வரைக்கும் நடந்தாரே. அப்பாவையும் இப்படிக் கருவிலேயே சோதித்துத் தள்ளியிருந்தால் அண்ணன் இல்லை, தான் இல்லை, மதி இல்லை. எல்லா நியாயமும் சரியாகத்தான் இருந்தது. இத்தனை நியாயம் சேர்ந்தால் அதில் ஏதோ கோளாறு இருக்கும் என்பது, இத்தனை வருடம் ஆராய்ச்சி செய்தவளுக்குத் தெரியாதா.

எழுபத்தெட்டு. கருவிக்குள் நைட்ரஜன் வாயு மெல்லச் சீறிக்கொண்டிருந்தது. முதுகுக்குப் பின்னால் யாரோ வந்து நிற்பது போலிருந்தது. திரும்பவில்லை. திரும்பினால் யாரும் இருக்கமாட்டார்கள், அது அவளுக்குத் தெரியும். திரும்பாதவரை அப்பா இருப்பார், ஒற்றைச் செருப்போடு. அவர் சர்வேயர். சங்கிலியும் வரைபடமுமாகக் காடு கரையெல்லாம் நடந்து ஊரார் நிலத்தையெல்லாம் அளந்தவர். ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது இடது காலில் செருப்பு இல்லை. எங்கேப்பா செருப்பு என்று அவள் கேட்டபிறகுதான் குனிந்து பார்த்தார். காலில் முள் ஏறி ரத்தம் புழுதியோடு காய்ந்திருந்தது. அவர் தன் காலைப் பார்த்த பார்வை, வேறு யாருடையதையோ தவறுதலாக எடுத்துக்கொண்டு வந்துவிட்ட மாதிரி ஒரு வெட்கம், அதைப் பார்த்தபோது அவள் கல்லூரியில் புரதம் படிக்க ஆரம்பித்திருந்தாள். அதற்கப்புறம் தெரு பேசத் தொடங்கிற்று. கால் மரத்தால் ஊரில் ஒரே ஒரு பெயர்தான்: பெருவியாதி. பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் டம்ளரில் அவருக்குத் தண்ணீர் கொடுப்பதை நிறுத்தினார்கள். அம்மா டாக்டர் டாக்டராக அலைந்து, குஷ்டம் இல்லை என்று எழுதி வாங்கி வந்தாள். அது இல்லை சரி, அப்போது இது என்ன? அதை யாரும் சொல்லவில்லை, சொல்ல யாருக்கும் தெரியவில்லை.

ஆகவே அம்மாவே ஒரு வியாதியைத் தேர்ந்தெடுத்தாள். அங்கயற்கண்ணியைப் பெண் பார்க்க வருகிற மாப்பிள்ளையின் அப்பாவுக்குச் சர்க்கரை என்று தரகர் சொல்லியிருந்தார். அது போதும். கௌரவமான வியாதி, அரிசிச் சோறு தின்கிற யாருக்கும் வரும். அன்றைக்கு எல்லோருக்கும் காபி வந்தது. அம்மா ஒரு டம்ளரைத் தனியாக எடுத்து, இது அவருக்கு, சீனி இல்லாதது, அவருக்குத்தான் சர்க்கரை ஆச்சே என்று கூடத்தில் எல்லோர் காதிலும் விழும்படி சொல்லி அப்பா கையில் கொடுத்தாள். ரத்தத்தில் ஒரு துளி கூடுதல் சர்க்கரை இல்லாத மனிதர். இரண்டு கரண்டி போட்டும் போதாமல் அடியில் தங்கியதை விரலால் வழித்து நக்குகிறவர். வாங்கிக் குடித்தார். குடித்துவிட்டு, பழகிப்போச்சு என்று சம்பந்தியைப் பார்த்துச் சிரித்தார். கல்யாணம் நடந்தது. சம்பந்தி வீட்டார் எப்போது வேண்டுமானாலும் வருவார்கள் என்பதால் அந்தக் காபி நிற்கவில்லை. படுக்கையில் விழுந்து, இடுப்புக்குக் கீழே இருப்பதே தெரியாமல், நெஞ்சு படபடக்க ஆரம்பித்த பிறகும், யாரும் இல்லாத மத்தியானத்தில்கூட அவர் சீனி கேட்கவில்லை. ஒருநாள் அவளே கொண்டுபோய்ப் போட்டுக் கொடுத்திருக்கலாம். ஒரு நாள். புருஷன் வீட்டிலிருந்து வரும்போதெல்லாம், கட்டிலில் தொங்குகிற அந்தக் காலைப் பார்க்க பயந்து, ஆய்வகத்தில் வேலை இருக்கிறது என்று சீக்கிரம் கிளம்பிவிடுவாள். இன்றைக்கும் அதைத்தானே செய்தாள். கூட வாம்மா என்று முந்தாநாள் மதி கூப்பிட்டபோது, இந்தக் கருவிக்கு முறை வாங்கியிருக்கிறேன், விட்டால் இரண்டு மாதம் ஆகும் என்றாள். மதி சரி என்று வைத்துவிட்டாள். கருவியை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் இங்கே நின்று மேசைக்காலை உதைத்துக்கொண்டிருக்கிறாள். அம்மாவைக் குறை சொல்ல அவளுக்கு என்ன யோக்கியதை.

எண்பத்தைந்து. கோடு வளையவில்லை. வளையாது என்று அவளுக்கு இப்போது தெரிந்துவிட்டது, இந்தச் சூட்டையும் தாங்கிய ஒன்று இனி எந்தச் சூட்டுக்கும் அசையாது. அவள் யூகம் சரியாக இருக்கலாம். இப்படித்தான் அது தொடங்கியிருக்கலாம். யாரும் இல்லாத பூமியில், கந்தகம் நாறும் ஒரு சேற்றுக் குட்டையில், பெயரில்லாத துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து, குலையாமல் கிடந்து, அதிலிருந்து மடிப்பும் மடிப்பிலிருந்து உயிரும் வந்து, மீனாகி ஊர்ந்து நடந்து, சங்கிலியால் நிலத்தை அளந்து. அவ்வளவு தூரம் வந்தபிறகும் அந்தப் பழைய வடிவம் எதையும் விட்டுப் போகவில்லை. எவ்வளவு அழகாக மடிந்த புரதமானாலும் சரி, உள்ளே எங்கோ அதற்கு அந்தப் படுக்கை ஞாபகம் இருக்கிறது. ஒரு மணி மாறிக் கோக்கப்பட்டால் போதும், ஐம்பது வருடம் ஒழுங்காக நின்றுவிட்டு, ஒருநாள் கை சோர்ந்து, மடிப்பை விட்டுவிட்டு அங்கே போய்ப் படுத்துக்கொள்ளும். திரும்ப எழுப்ப முடியாது. நாம்தான் அதை நோய் என்கிறோம். அதற்கு நோய் என்று தெரியாது, அது நமக்கு ரொம்ப மூத்தது. இந்த எண்ணம் எப்போதாவது ஒரு கருத்தரங்கில் வந்திருந்தால் அவளுக்குப் புல்லரித்திருக்கும், எழுந்து சொல்லிக் கைத்தட்டல் வாங்கியிருப்பாள். இப்போது கண்ணைத் திரையிலிருந்து எடுத்துக்கொண்டாள். திருச்சியில் நூறு செல் அளவில் ஐஸில் இருக்கிறதே, அதுவும் இந்நேரம் உருகத் தொடங்கியிருக்கும், உள்ளே சரங்கள் மடியத் தொடங்கியிருக்கும், ஒவ்வொன்றும் சரியாக, ஒவ்வொன்றும் யாரும் சொல்லாமலே. அதில் ஒன்று. எட்டில் ஒன்று. பயமாக இருந்தது. பேத்தியோ பேரனோ ஒருநாள் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்து நிற்கும், அதைப் பார்க்க அவள் இருக்கமாட்டாள். இருக்கமாட்டோம் என்பதில் மனசின் ஓரத்தில் ஒரு நிம்மதி எட்டிப் பார்த்தது. அந்த நிம்மதியைக் கண்டதும் அவளுக்குத் தன்மேல் அருவருப்பு வந்தது. போனை எடுத்தாள். மதியின் பெயரைத் தொட விரலை வைத்தாள். தொண்ணூறு வரட்டும் என்று நினைத்தாள். தொண்ணூறு வந்தது. தொண்ணூற்றைந்தில் கருவி தானே நிற்கும், அப்போது பேசலாம், நடுவில் பேசினால் கவனம் சிதறும் என்று நினைத்தாள். பார்ப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை, ஒரு நேர்கோடு.

கையிலிருந்த போன் அதிர்ந்தது. மதியேதான்.

சாப்பிட்டாயா என்று மதி கேட்டாள். சாப்பிட்டேன் என்று அவள் பொய் சொன்னாள். கருவி முடிந்துவிட்டதா, ஜெரினா எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். அதற்கெல்லாம் அவள் நன்றாகவே பதில் சொன்னாள், கொஞ்சம் அதிகமாகவே. தண்ணீர் நிறையக் குடித்துக்கொண்டே இருக்கச் சொல்லியிருப்பார்களே, குடித்தாயா என்றாள். மதி பேச்சை மாற்றி, அங்கே வெயிலா என்றாள். பின்னால் குக்கர் சத்தம் மாதிரி ஒன்று கேட்டது, ஆஸ்பத்திரி கேன்டீனாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். மணியைப் பார்த்தாள். இன்னும் நேரம் இருந்தது. வாக்கியம் நாக்கு நுனிவரை வந்து, முதல் சொல்லைத் தேடியது.

"அம்மா, எங்கிட்ட ஏதாச்சும் சொல்லணுமா?" என்று மதி கேட்டாள்.

கதவு திறந்துகொண்ட மாதிரி இருந்தது. இதைவிட நன்றாக யாரும் கேட்டுவிட முடியாது. திரையில் தொண்ணூற்றைந்து என்று விழுந்து, கருவி ஒரு தடவை பீப் என்றது. அங்கயற்கண்ணி வாயைத் திறந்தாள். எத்தனை ஊசி என்று நினைத்தாள், அந்த நீலத்தை நினைத்தாள், கூடத்தில் காபியோடு நின்ற அம்மாவை நினைத்தாள்.

"ஒண்ணும் இல்லடா. பயப்படாம போ. எல்லாம் நல்லபடியா முடியும்."

லைன் போய்விட்டதோ என்று அவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். இருந்தது, நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

"நாங்க போகலம்மா," என்றாள் மதி. "காலையிலேயே வேணாம்னு சொல்லிட்டோம். வீட்லதான் இருக்கேன். ரத்தம் குடுத்தாச்சு, ரிசல்ட் வந்தப்பறம் பாத்துக்கலாம்னு சொன்னாங்க." கொஞ்சம் நிறுத்தி, "நேத்து மாமா பேசினாரு. உங்கம்மா சொன்னாளான்னு கேட்டாரு," என்றாள்.

மதியை நினைத்துத்தான், அவள் பட்ட பாட்டை நினைத்துத்தான் என்று சொல்ல அங்கயற்கண்ணியிடம் எல்லாச் சொற்களும் தயாராக இருந்தன, ஆனால் கட்டைவிரல்தான் மேசையின் இரும்புக் காலைத் தேடிப் போயிற்று.

"நீ சொல்லுவேன்னு ராத்திரி வரைக்கும் பாத்தேன்," என்றாள் மதி. "அப்பறம் நானே கேட்டா சொல்லுவேன்னு நெனச்சேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அங்கயற்கண்ணியால் ஏதாவது சொல்லியிருக்க முடியும்.